இடது தோட்டில் காக்கைக்கால்

1937 மாசி 3
சம்பந்தம் முற்றாகி எழும்புகிற நேரம் மாப்பிள்ளையின் தாய்மாமன், கொக்குவில் அருளம்பலம், மடியிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். என் மனுசி குணலட்சுமியின் ஒற்றைக்கல் வைரத்தோடுதான் மகள் பராசக்திக்குச் சீதனம். கழற்றச் சொல்லிப் பார்த்தார்.

"இடது கல்லுக்குள்ளை காக்கைக்கால் மாதிரிக் கீறு கிடக்குது அண்ணை. போடுறவளின்ரை புருசனுக்குக் கூடாது."

"இருபத்திரண்டு வருசமாய்ப் போட்டிருக்கிறாள். அந்தப் புருசன் நான்தான், தொட்டுப் பாருங்கோ" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. வேறு தோடு கொண்டுவந்தால் கதைக்கலாமாம். வேறு தோட்டுக்கு நான் எங்கே போக?

மாசி 4
பராசக்தி சாப்பிடவில்லை. அந்தப் பொடியனை அவளுக்குப் பிடித்துவிட்டது.

மாசி 6
அந்தாள் கண்டதை நானும் காணவேண்டும். பள்ளிக்கூடச் சட்டம்பியாரின் வாசிக்கிற கண்ணாடியை இரவல் வாங்கினேன். கல் வெறும் பளபளப்பு. என் விரல் மட்டும் வாழைப்பழம் அளவில். சீ.

மாசி 9
யாழ்ப்பாணம் போய்ப் பெரிய கடையில் எல்லாவற்றிலும் வலியதாகக் கேட்டு வாங்கினேன். இருபது மடங்கு பெருப்பிக்கிற பூதக்கண்ணாடி. வீட்டில் பிடித்தால் ஒரே இருட்டு; கை நடுங்கினால் கல்லே ஓடிவிடுகிறது. "இஞ்சருங்கோ, கல்லைப் பாக்கிறியளோ, கல்லுக்குள்ளை விழப்போறியளோ?" என்கிறாள் குணலட்சுமி. கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டானாம். நாசமாய்ப் போன சாமான்.

மாசி 13
மணிக்கூடு திருத்துகிற வின்சன்றிடம் போனேன்.

"பெருப்பிச்சுக் காட்டினால் நல்லதெண்டு ஆர் சொன்னது? பத்து மடங்கு போதும்."

மூன்று கண்ணாடிகளை வைத்து, கோடு போட்ட கொப்பித் தாளைப் பார்க்கச் சொன்னான். முதலாவதில் ஓரத்துக் கோடு வளைந்தது. இரண்டாவதில் கோட்டுக்குச் சிவப்பும் நீலமும் கரை கட்டியது. மூன்றாவதில் கோடு கோடாகவே இருந்தது. அதற்குள் மூன்று வில்லைகளை ஒட்டியிருக்கிறதாம்.

"கண்ணோடை ஒட்டிப் பிடியுங்கோ. கல்லைக் கிட்டக் கொண்டுவாங்கோ. மற்றக் கண்ணை மூடாதையுங்கோ."

ஒரு கிழமையாய் மூடிக்கொண்டல்லோ மாரடித்தேன்!

பார்த்தேன். காக்கைக்கால் இருக்கிறது. மனம் விட்டுப் போயிற்று. வின்சன்றும் பார்த்தான். "உள்ளுக்கில்லை அண்ணை. கல்லுத் தெளிவாய்த் தெரியேக்கை கீறு மங்குது. பின்பக்கத்திலை ஏதோ ஒட்டிக் கிடக்குது. கழுவிப் பாத்தியளோ?"

கழுவுவதா? முழுக்குக்கு முழுக்கு எண்ணெய் வைக்கிற காது. ஒருத்தருக்கும் அது தோன்றவில்லையே. அருளம்பலத்துக்கும்தான்.

மாசி 15
வேண்டுமென்றே கழுவாமல் கொக்குவிலுக்குக் கொண்டுபோனேன். வின்சன்றிடம் வாங்கிய பத்து மடங்குக் கண்ணாடியால் முதலில் அவரே பார்த்தார். பிறகு அவர் வீட்டுச் சுடுதண்ணீரில், அவர் வீட்டு அரப்பில், அவர் கண்முன்னே கழுவினேன். எண்ணெய்ப் பிசினோடு மூன்று பஞ்சு இழை வந்தது. திரும்பப் பார்த்தார், நெடுநேரம்.

"கல் துப்பரவு. பஞ்சு எங்காலை வந்தது?"

"தலையணைப் பஞ்சு. என்ரை குறட்டைக்கு முதுகைக் காட்டி இடப்பக்கம் சரிஞ்சு படுக்கிறவள்."

"அப்ப குற்றம் புருசனிலைதான்" என்றார். மனுசனுக்குச் சிரிக்கவும் தெரியும்.

வைகாசி 20
முந்தநாள் தாலி ஏறியது. தோடு பராசக்தியோடு போய்விட்டது. இருபது மடங்குக் கண்ணாடியை அருளம்பலத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தேன், வலியதென்று மகிழ்ந்தார். பாவம்.

மத்தியானம் குணலட்சுமி களைத்து நித்திரை. இப்போதும் இடப்பக்கம்தான். மேலே தெரிந்த காதில், துளை தூராமல் ஒரு ஈர்க்குத் துண்டு. அதைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படவில்லை.