வாசிக்காமல் போன மூன்றாவது ஓலை

மஸ்கட்

அன்புள்ள ஸ்டானிஸ்லாஸ் மாமாவுக்கு, உங்கள் மனைவி ஜானட் எழுதுவது. மாதா தயவில் நான் சுகம். உங்கள் முட்டி வலி குறைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசியபோது ராயபுரம் கோயில் ஆபீசில் நீங்கள், லூர்து அக்கா, கிளார்க் பென்னி அண்ணன் என்று மூன்றே பேர் இருந்தீர்கள். கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு பூசையில் வாசித்தால்தானே கல்யாணம் நடக்கும்? அக்கா மகளின் மூன்றாவது கல்யாண ஓலையை அன்று பூசையில் வாசிக்கவில்லை, கம்ப்யூட்டரில் ஃபைல் திறக்கவில்லையாம்.

"இன்னா பென்னி, ஒரு ஓலைய எடுக்கத் தெரில, இங்க குந்திகினு இன்னாதான் பண்ற?" என்று அக்கா கத்த, அவர் தலை குனிந்தார். நான் வாயே திறக்கவில்லை.

தப்பு என்னுடையது மாமா. கோயில் ஆபீசில் இருப்பது, லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்காக நான் இலவசமாகப் பராமரிக்கும் எழுத்து மென்பொருள்தான். அதில் பழைய ஃபைல்களைத் திறக்கும் பகுதி யாருக்கும் வேண்டாம் என்று நானே முடிவுசெய்து போன வாரம் எடுத்துவிட்டேன். ஒவ்வொரு மாற்றத்தையும் நோட்டில் குறிப்பவள், இதைக் குறிக்கக்கூட இல்லை. நேற்று திரும்பச் சேர்த்துவிட்டேன். ஆனால் கல்யாணம் ஒரு வாரம் தள்ளிப்போனது போனதுதான். ஜெபமாலை எடுத்தால் பென்னி அண்ணனின் குனிந்த தலைதான் தெரிகிறது. போனில் சொல்ல முகமில்லை.

இதை லூர்து அக்கா முன்னாலேயே பென்னி அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள். கோயில் மணிச் சத்தத்தைப் போனில் பிடித்து அனுப்புங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

அண்ணன் என்ன சொன்னார் என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.

ஜானட்