ஸவாஹிரிடம் சொல்லிவிட்டேன், மகள்

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள் ஷாமிலாவுக்கு,

அந்தோனியாரின் துணையால் நானும் அம்மாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகன் ரொனியும் அந்தக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். தினமும் வட்ஸ்அப்பில் முகம் பார்க்கிற காலத்தில் அப்பா ஏன் கடதாசியும் பேனையுமாய் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் பாதியில் நிறுத்திவிடுவேன், அம்மாவும் பக்கத்திலிருந்து கண்ணைக் காட்டுவாள். பக்கத்து வீட்டுக் கிஷாந்த் லீவு முடிந்து புதன்கிழமை லண்டனுக்குத் திரும்புகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன், கூடவே அம்மாவின் மிளகாய்த்தூளும் வருகிறது. வீட்டில் மேல்மாடித் தண்ணீர்த் தாங்கி ஒழுகினதைத் திருத்தியாயிற்று, அம்மாவின் பிரஷர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, அவள் என்னோடு சரியாகக் கதைத்துச் சில நாளாகிறது. அதற்கான காரணத்தைத்தான் இனி எழுதப்போகிறேன், கதிரையில் இருந்து வாசி.

ஸும்றாவின் புருஷன் வீட்டுக்கு வந்தார். நீ அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் டொக்டராக வேலை செய்த கடைசி மாதம், பிள்ளை பிறந்த அன்றே இரத்தம் போய் இறந்தாளே, அந்தப் பெண்ணின் புருஷன். ஸவாஹிர் என்று பெயர், கொம்பனித்தெருவில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரி மேலும் அந்தப் பெரிய டொக்டர் மேலும் அவர் வழக்குப் போட்டிருப்பது உனக்கும் தெரியும். வாசலில் அவரைக் கண்டதும் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று கதவைப் பாதி மூடிக்கொண்டு நின்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாமா என்று கேட்டார். வந்திருந்து தண்ணீர் குடித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்காரரின் லோயர்மார் கொடுத்த மறுமொழியைச் சொன்னார். கர்ப்பப்பையை எடுக்கக் கையெழுத்துக் கேட்டபோது அவர் மாமியார் வரட்டும் என்று கையெழுத்துப் போடாமல் சுணங்கினாராம், அந்தச் சுணக்கத்தால்தான் உயிர் போனதாம். மாமியாரும் அதை நம்பிவிட்டா, பிள்ளையைத் தன் அறையிலேயே வைத்திருக்கிறா, இவரைத் தூக்க விடுவதில்லை. இதையெல்லாம் நிலத்தைப் பார்த்தபடி சொன்னவர் கடைசியில்தான் நிமிர்ந்து என்னைக் கேட்டார்:

"அங்கிள், கேஸ் தோத்தாலும் பரவால்ல. நான் சுணங்கினதாலதான் அவ மௌத்தானாவா? உங்கட மகள் அங்க நிண்டவ, அவவுக்குத் தெரியும்."

எனக்கு ஒன்றும் தெரியாது, மகள் வேலை விஷயங்களை வீட்டில் கதைப்பதில்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, தொந்தரவு தந்ததற்கு மன்னிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அவர் படியிறங்கும் சத்தம் தேயும்வரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். ஸும்றா இறந்த அன்றைக்கு நீ வந்து குசினியில் அடுப்புப் பக்கச் சுவரில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் எனக்குத்தானே சொன்னாய். பின்னேரம் முழுக்க அவளுடைய நாடி ஏறிக்கொண்டே போனது, வயிறு வீங்கியது, நீ பெரிய டொக்டருக்கு ரெண்டு தரம் போன் எடுத்தாய், அவர் வேறு ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்த்துக்கொண்டு, நான் வரும்வரை ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போகாதே என்றார், அவர் வந்து சேர்ந்த பிறகுதான் அந்த மனிசனிடம் கையெழுத்தே கேட்டார்கள். இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் சொன்னது, போன் எடுத்ததை ஆஸ்பத்திரி கேட்கிற உன் வாக்குமூலத்தில் எழுதாதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு, விசா வந்திருக்கிறது, போய்ச் சேர் என்பதுதான். நீ எழுதத்தான் நின்றாய். நான்தான் மறித்தேன். உன்னைக் காப்பாற்றுவதாகத்தான் அப்போது எனக்குப் பட்டது, அந்தப் பழி யார் தலையில் போய் விழும் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஸவாஹிர் வந்து போனதற்கு அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வளவில் நின்றபோது கதை இந்தப் பக்கமே திரும்பியது. மட்டக்களப்பில் சத்திரசிகிச்சை டொக்டராக இருக்கிறானே ஒருவன், அவனுடைய தகப்பன் யோகராஜ் சொன்னார், இப்படி டொக்டர்மாரைக் கோட்டுக்கும் பொலிசுக்கும் இழுத்தால் மிச்சமிருக்கிறவர்களும் ஓடிவிடுவார்கள், முறைப்பாடு எதுவானாலும் முதலில் டொக்டர்மார் குழுவொன்றுக்குப் போகும்படி சட்டத்தை மாற்ற வேண்டும் என்று. லோயர் செபஸ்தியன் விடவில்லை, டொக்டரை டொக்டரே விசாரித்தால் செத்தவளின் வீட்டார் எப்படி நம்புவார்கள் என்று கேட்டார். சில நாடுகளில், நடந்தது இன்னதென்று சொல்லி ஒரு டொக்டர் மன்னிப்புக் கேட்டால் அந்த மன்னிப்பை அவருக்கு எதிராகப் பாவிக்க முடியாதாம், அப்படியொரு சட்டம் இங்கே இருந்தால் பாதி வழக்கு வராது, ஆஸ்பத்திரியில் ஒருவரும் வாய் திறக்காததால்தான் சனம் கோட்டுக்குப் போகுது என்றார். ரெண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்போது யோகராஜ் என் தோளில் கையை வைத்து, இவற்ற மகளும் அந்தப் பயத்திலதானே போனவள் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன் மகள். நீ பயந்து போகவில்லை, நான்தான் பயந்து அனுப்பினேன்.

மறுநாள் அம்மாவிடம் மீன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு கொச்சிக்கடையில் பஸ் ஏறி கொம்பனித்தெருவுக்குப் போனேன். ஸவாஹிர் என்னைக் கண்டதும் கடையைப் பூட்டி, பழைய வீடுகளை இடித்துக் கட்டின மாடியில் இருக்கிற தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தேத்தண்ணி வருமுன்னே சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. நீ சொன்ன எல்லாவற்றையும், ஒன்றும் குறைக்காமல், உன்னை எழுத விடாமல் மறித்தது நான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "அப்ப எனக்கிட்ட கையெழுத்துக் கேக்க முன்னமேயா?" என்றார். "ஓம் தம்பி. நீங்க உடனே போட்டிருந்தாலும் நேரம் போயிட்டுது. அது உங்கட பிழை இல்ல" என்றேன். அந்த வசனத்தை அவர் வந்த அன்றே என் வீட்டில் வைத்துச் சொல்லியிருக்கலாம். மாமியார் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா. உள்ளே போனவ, பிள்ளையைக் கொண்டுவந்து அவருடைய மடியில் இருத்திவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. அவருக்குப் பிள்ளையை எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை, ரெண்டு கையையும் விரித்துக்கொண்டே இருந்தார், நான்தான் முதுகுக்குக் கையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். பெண் பிள்ளை, நல்ல கண்.

வெளிக்கிடும்போது அவர் உன்னைச் சாட்சிக்கு வரச் சொல்லிக் கேட்கவில்லை. உங்கட மகளை இதில் மாட்டிவிட மாட்டேன் அங்கிள் என்று மட்டும் சொன்னார். அது என்னை இன்னும் தின்கிறது. உன்னைக் கேளாமல் உன் கதையை இன்னொருவரிடம் சொன்னேன், அதற்கு நீ என்னோடு கோபிக்கலாம். பெற்ற பிள்ளையைவிட ஊரான் பெரிசா என்று அம்மா கேட்டாள். பிறகு செபஸ்தியனைப் போய்க் கண்டேன். நீ அங்கிருந்தே வீடியோவில் சாட்சி சொல்ல கோட்டிடம் அனுமதி கேட்டுப் பார்க்கலாம் என்கிறார், ஆனால் ஒளிக்காமல் மற்றதையும் சொன்னார், ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று உன்னைக் குறுக்கே கேட்பார்கள், உன் வேலைக்கும் அதனால் கரைச்சல் வரலாம். தகப்பன் சொல்லித்தான் எழுதாமல் விட்டாள் என்று நான் கோட்டில் ஏறிச் சொல்ல ஆயத்தம் என்றேன். வாக்குமூலத்தில் இருக்கிற கையெழுத்து அவளுடையதுதானே அங்கிள் என்றார். அதனால் சாட்சி சொல்லு என்று உன்னை நான் வற்புறுத்தப் போவதில்லை, ஒருதரம் உனக்குப் பதிலாக நான் முடிவெடுத்தது போதும். நீயும் ரொனியும் இருந்து கதைத்து, உன் மனம் சொல்கிறபடி செய். எந்தப் பக்கம் போனாலும் அப்பா உன்னோடு நிற்பேன்.

மாதா உங்கள் ரெண்டு பேரையும் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும். டியூட்டி நாட்களில் சாப்பிடாமல் ஓடாதே, செபஸ்தியனின் நம்பரைக் கடித உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் ரெண்டு வரி எழுதச் சொல்லிப் பேனையை நீட்டினேன், எழுத ஒன்றுமில்லை என்று எழும்பிப் போனவள் இப்போது திரும்பி வந்து பின்னால் நிற்கிறாள். பிள்ளை அங்க ஒழுங்கா நித்திரை கொள்ளுறாளோ எண்டு கேளுங்கோ என்கிறாள்.

என்றும் உன் அன்பு அப்பா,
வலன்ரைன்