இலவோதிக்கேயாவுக்கு வந்த தண்ணீர்

என் அன்பு அக்கா,

உங்கள் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்துவிட்டது. நான் இன்னும் அழவில்லை. வந்தவர்களுக்குத் தின்ன ரோல்ஸ் போதுமா என்று மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். “நல்லாத் தாங்குறாள்” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. உங்கள்மேல் எனக்குப் பாசமே இல்லையோ என்று பயமாக இருக்கிறது, அக்கா. இதை வேறு ஒருவரிடமும் சொல்லவில்லை.

செபக் குழுவில் மாதம் ஒன்றாக நீங்கள் சொல்லிவந்த, திருவெளிப்பாட்டில் வரும் ஏழு சபைகளின் நகரங்களில் ஆறுதான் முடிந்திருந்தன. ஏழாவது இலவோதிக்கேயா. “அக்கான்ர கொப்பி உன்னட்டத்தானே இருக்கு, நீயே சொல்லி முடி” என்றார் குழுவிலுள்ள றீற்றா அன்ரி. மறுக்கவும் தெம்பில்லாமல் ஓம் என்றுவிட்டேன்.

கொப்பியில் வழக்கம்போல ஒவ்வொரு நகரத்தின் குறிப்புக்கும் கீழே நாங்கள் அறிந்த ஓர் ஊரைப் பென்சிலால் எழுதியிருந்தீர்கள். எபேசு துறைமுக நகரம், அதனால் கொழும்பு. இலவோதிக்கேயாவுக்குக் கீழே கிரெய்கிபர்ன் என்று இருந்தது. நாங்கள் கடல் கடந்து வந்து இருக்கிற இந்த ஊரையா, அக்கா? ஏன்?

சனிக்கிழமை அன்ரி வீட்டில் கொப்பியைப் பார்த்து அப்படியே வாசித்தேன். இன்றைய துருக்கியில் ஒரு பள்ளத்தாக்கு. வியாபாரப் பாதைகள் சந்திக்கும் இடம், கறுப்புக் கம்பளிக்குப் பேர்போன பணக்கார நகரம். நிலநடுக்கத்தில் இடிந்தபோது பேரரசரிடம் கையேந்தாமல் தாங்களே திருப்பிக் கட்டினார்களாம். எதிரே எராப்போலியில் வெந்நீர் ஊற்று, கிழக்கே கொலோசையில் குளிர்ந்த நீர். இவர்களுக்கோ குழாய் வழியாகத் தூரத்திலிருந்து தண்ணீர் வரவேண்டும். அது வந்து சேரும்போது வெதுவெதுப்பாகிவிடும், சுண்ணாம்பும் படியும். அதனால்தான் சூடுமில்லை குளிருமில்லை என்று அந்தச் சபைக்கு ஆண்டவரிடம் ஏச்சு விழுந்தது என்று சிலர் சொல்வதாகக் குறித்திருந்தீர்கள். அடியில் ஒரு கேள்வி: “வாற வழியில தண்ணி ஆறினதுக்கு ஊர் என்ன செய்யும்?”

எனக்கு அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. இவ்வளவுதான் என்று கொப்பியை மூடப்போனேன்.

“மற்றப் பக்கத்தையும் திருப்பிப் பார், பிள்ளை” என்றார் அன்ரி.

அங்கே ஒரு வரி இருந்தது. “ஏழு ஊரில இந்த ஊருக்கு மட்டும்தான், வாசல்ல நிண்டு கதவைத் தட்டுறன் எண்டு சொல்லுறார்.” நான் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனேன்.

என் வீட்டுச் சாவி உங்களிடம் இருந்தது. அடுத்த தெருவிலிருந்து நடந்து வருவீர்கள், ஆனாலும் தட்டிவிட்டு நிற்பீர்கள். “சாவி இருக்கெல்லோ, திறந்துகொண்டு வாங்கோவன்” என்று எத்தனை தரம் எரிந்து விழுந்திருப்பேன்! “உன்ர வீடெல்லோ, நீதான் திறக்கவேணும்” என்பீர்கள்.

நேற்று உங்கள் வீட்டிலிருந்து அத்தான் அந்தச் சாவியைத் திருப்பித் தர வந்தார். சாவி கையில் இருக்க, அவரும் தட்டிவிட்டுத்தான் நின்றார். நீங்கள்தான் தட்டுகிறீர்கள் என்று நினைத்து ஓடிப்போய்த் திறந்தேன், அக்கா. சாவியை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாதம் முதல் நகரமான எபேசுவிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்கிறார்கள் குழுவில். நான் சொல்வேன். அழுகையும் ஒருநாள் வந்து தட்டும். எந்த நேரமென்றாலும் எழுந்துபோய்த் திறப்பேன்.

அடுத்த தெருவில் இருக்கும்
உங்கள் தங்கச்சி