அடித்ததும் அடிபட்டதும்

அன்புள்ள அண்ணா,

பேஸ்பால் அணி உன்னைக் கழற்றிவிட்டது புசான் நகர் முழுக்கத் தெரியும். நீதான் இன்னும் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை.

இந்த ஒரே சீசனில் நீ பந்தை அடித்ததைவிடப் பந்து உன்னை அடித்ததே அதிகம். உடம்பில் பட்டால் மட்டையே சுழற்றாமல் முதல் பேஸுக்கு ஓசியில் போகலாமே! அதற்காகவே ரசிகர்களுக்கு நான் பாட்டுக் கட்டிக்கொடுத்தேன்: "அடிடா கியூமின் அடி, அடிக்காட்டி அடிபடு!" அரங்கமே பாடியது.

நீ கல்லூரியை விட்டு ஆடப்போன நாளிலிருந்து பேஸ்பால் பேச்சையே எடுக்காத அப்பா, இன்று கடையில் மீன் செதில் சுரண்டிக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுத்தார்.

"என்னப்பா, பாட்டெல்லாம் பலமா இருக்கு?"

"போடி வாயாடி! அவனுக்கு முழங்கை வீக்கம் வத்திடுச்சான்னு கேளு."

கேட்டுவிட்டேன். பதிலை நேரில் வந்து அவரிடமே சொல். அடிக்கமாட்டார்.

இப்படிக்கு,
உன் வால்