கழுத்தளவு

மார்ச் 4
பெரிய பேத்தி வெளியூர் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், வகுப்பில் முதல். பேரன் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மீதி ரெண்டு வாத்தியாரின் கஞ்சத்தனம். கடைக்குட்டிக்கு நாலு வயசு, அதற்குள் தன் பெயரைச் சுவரெல்லாம் எழுதிவிட்டாள். ஐந்தாவதோடு நின்ற எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மாத்திரை ஆரம்பித்து இன்றோடு பதினைந்து நாள். எச்.ஐ.வி. — இங்கே மட்டும்தான் எழுதுகிறேன். அவர் போய் ஏழு வருஷம். எனக்கு என்ன வைத்துவிட்டுப் போனார் என்பது போன மாசம் ரத்தம் சோதித்தபோதுதான் தெரிந்தது. வீட்டில் ரத்தசோகை மாத்திரை என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 11
இடது பக்கக் கழுத்தில் கோலிக்குண்டு அளவு கட்டி. மாத்திரைக்கு முன்னால் இது இல்லை. தையல் டேப்பை எடுத்து என் கழுத்தை நானே அளந்தேன். பதிமூன்றரை இஞ்ச்.

மார்ச் 14
பதினாலு. சாயங்காலமானால் காய்ச்சல்.
கழுத்து மூடின ரவிக்கை ஒன்று தைத்துக்கொண்டேன். மருமகள், "என்ன அத்தை, ஹெட்மாஸ்டர் அம்மா மாதிரி?" என்றாள். குளிருது என்றேன்.

மார்ச் 15
தைக்கும்போது துணி சுருங்கினால் முதலில் மிஷினை நிறுத்தணும். அப்புறம்தான் தப்பு எங்கே என்று பார்க்கணும். நாற்பது வருஷப் பழக்கம். மாத்திரையை நிறுத்திவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

மார்ச் 17
பதினாலே கால்.

மார்ச் 19
இப்போ வலது பக்கமும். நிறுத்தியும் ஏன் வளருது? பயமா இருக்கு. கடைக்குட்டி மடியில் ஏற வந்தது, கையால் தடுத்தேன். "பாட்டி கோவமா?" மருமகள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவகிட்ட சொன்னா பிள்ளைய என் பக்கம் விடுவாளா?

மார்ச் 20
ரவிக்கையின் மேல் கொக்கியை மருமகளே கழற்றிப் பார்த்தாள். எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, நான்தான். "முதல்ல செருப்பப் போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம். மத்தத வழியில திட்டிக்கிறேன்." சொன்னபடியே வழியெல்லாம் திட்டினாள்.

மார்ச் 24
இருபதாம் தேதி ஆஸ்பத்திரியில் கட்டியில் ஊசி குத்தி எடுத்த சோதனையின் முடிவு இன்று வந்தது. காசநோய். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "இது மாத்திரையால வந்ததில்லம்மா. முன்னாலயே உள்ள ஒளிஞ்சிருந்தது. உங்க உடம்புக்கு அத எதிர்க்கத் தெம்பில்ல, அதான் வெளிய தெரியல. மாத்திரை தெம்பு குடுத்ததும் சண்டை ஆரம்பிச்சிருக்கு. அந்தச் சண்டைதான் இந்த வீக்கம்."
இருபதாம் தேதியே மாத்திரையை மறுபடி ஆரம்பித்தாயிற்று, ஆனாலும் நடுவில் அஞ்சு நாள் நிறுத்தினதற்குப் பேச்சு வாங்கினேன். "சண்டைக்கு வந்தவங்களப் பாதியில திருப்பி அனுப்பிட்டீங்களே." அந்த மாத்திரையோடு காசநோய் மருந்தும் இனி சேர்த்துச் சாப்பிடணும். எது வந்தாலும் கேட்காமல் நிறுத்தக் கூடாது.
நெஞ்சுப் படத்தில் ஒன்றுமில்லை, கழுத்துக் கட்டி மட்டும்தான், அது தொட்டால் ஒட்டாதாம். "அப்ப பிள்ளையத் தூக்கலாம்ல?" கேட்டது மருமகள். தாராளமாகத் தூக்கலாம் என்றார் டாக்டரம்மா.

ஏப்ரல் 18
காலையில் தம்ளரோடு நிற்கிறாள். "வாயத் திறங்க. நாக்கத் தூக்குங்க." எந்த மாமியாரும் இப்படி ஒரு மருமகளிடம் மாட்டியிருக்க மாட்டாள்.
பதினாலு.

மே 30
பதிமூன்றரை. காய்ச்சல் விட்டு ஒரு மாசமாகிறது.

ஆகஸ்ட் 9
பெரிய பேத்திக்குக் கடிதம் போட்டேன். உன் புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு, செல்போனில் பார்த்தால் எனக்குப் போதாது என்று எழுதினேன். இப்போது எடுக்க வேண்டாம். அடுத்த வருஷம் பட்டம் வாங்குகிற அன்று, அந்தக் கறுப்பு அங்கியோடு எடுத்தது வேண்டும்.
அவசரமில்லை, நான் இருப்பேன் என்றும் எழுதினேன்.