தேக்குச் சுவருக்கு வெள்ளை அடித்தேன்

கம்பம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் மாமியும் நலம். மாமிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. கத்தார் வெயிலில் உங்கள் உடம்பையும் அல்லாஹ் காப்பாற்றுவானாக.

திங்கட்கிழமை வீடியோ காலில் எனக்குப் பின்னால் தெரிந்த ஹால் சுவரைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டீர்கள். அதன்பிறகு எடுக்கவே இல்லை. அதனால்தான் நாளை தோஹாவுக்குக் கிளம்பும் உமர் பாருக் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சுவரில் பதித்த தேக்குப் பலகையில் கரையான் என்று சொன்னேனே, அது பொய். ஒரு கரையான்கூட இல்லை. நீங்கள் ஒரு பலகையை மட்டும் மாற்றச் சொன்னீர்கள். நான் ஹால் முழுக்க வெள்ளை அடிக்க ஆள் கூப்பிட்டேன்.

பெயிண்டர் சுருளியாண்டி அண்ணன் தடுத்துப் பார்த்தார். “நல்ல தேக்கு அக்கா. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு அடிச்சிட்டா பழைய மாதிரி வராது. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க” என்றார். இந்த வீட்டுக்காரி நான்தான், அடிங்க என்றேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் வெள்ளைக்கு மேலே பழுப்புத் திட்டுகள். மரத்தின் சாயம் கசிகிறது, அதற்கென்று தனி பிரைமர் தேனியில் வாங்க வேண்டும் என்றார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல் இருந்தது. இறந்துபோனவளோடு மல்லுக்கு நின்று தோற்றவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எனக்கு முன்னால் உங்களுக்கு வாழ்க்கைப்பட்ட ரம்லத் அக்காவை நான் பார்த்ததே இல்லை. ஆனால் நமக்குக் கல்யாணமான இந்த மூன்று வருஷமும், வருகிறவர்கள் எல்லாம் பலகையைத் தடவி, “கூடலூர் மரக்கடையில அந்தப் புள்ள தானே நின்னு பொறுக்கி எடுத்துச்சு” என்பார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். போன லீவில் நீங்கள் எண்ணெய்த் துணியோடு ஒவ்வொரு பலகையாகத் துடைத்தீர்கள். நான் டீயோடு பக்கத்தில் நின்றேன். டீ ஆறிப்போனது. நீங்கள் திரும்பவே இல்லை. உங்கள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மூன்று கோட் அடித்தபின் ஹால் பளிச்சென்று இருக்கிறது. “வெளிச்சமா இருக்கு ஆத்தா” என்று மட்டும் மாமி சொன்னார்கள். அன்று அசர் தொழுகை முடிந்தும் அவர்கள் வெகுநேரம் பாயைவிட்டு எழவில்லை.

முன்பு உள்ளே வந்து பலகையைத் தொட்ட பிறகுதான் அவள் பெயரைச் சொல்வார்கள். இப்போது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “ரம்லத்து போட்ட மரத்துக்கா வெள்ளை அடிச்சீக?” என்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது இரண்டாவது பொய். அவளைப் பற்றி நீங்கள் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. பேசியிருந்தால் அவளும் கோபப்பட்ட, குழம்பில் உப்பைக் கூட்டிவிட்ட ஒரு பெண்தான் என்று எனக்கும் தெரிந்திருக்கும்.

ரமலானுக்கு வருவதாகச் சொன்னீர்கள். அதை நிறுத்திவிடாதீர்கள். என்ன ஏச்சானாலும் நேரில் வாங்கிக்கொள்கிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என்னைப் பாருங்கள், மச்சான். சுவரை அப்புறம் பார்க்கலாம்.

ஐந்து வேளையும் உங்களுக்காகக் கையேந்தும்,
ரெஹானா