இரண்டு மைனஸ்

ஜூலை 8, செவ்வாய்.

நேற்று ஆபீஸிலிருந்து பிளஸ் டூ கணக்கு கைடின் புரூஃப் பக்கம் ஒன்றைக் கொண்டுவந்து, மகள் நித்யாவை அதிலிருந்து ஒரு கணக்குப் போடச் சொன்னேன். விடை தப்பாக வந்தது. சிவப்பில் இன்ட்டு போட்டேன்.

"ரெண்டு மைனஸ் சேர்ந்தா பிளஸ்தானம்மா? நீதான சொல்லிக்குடுத்த" என்றாள்.

பக்கத்தைப் பார்த்தேன். நீளமான சமன்பாடு ஒரே வரியில் அடங்கவில்லை. சாஃப்ட்வேர் அதை மைனஸ் குறியில் உடைத்து, மேல்வரியின் கடைசியில் ஒரு மைனஸும் கீழ்வரியின் தொடக்கத்தில் அதே மைனஸை இன்னொரு தடவையும் போட்டிருந்தது.

இன்று டீம் லீடர் தினேஷிடம் காட்டினேன்.

"இன்னாக்கா, சில நாட்டுல அப்படித்தான் போடுவாங்க. நாளன்னிக்கு பிரிண்ட்டுக்குப் போவுது, பேஜார் பண்ணாதீங்க."

"நம்ம பசங்களுக்கு அப்படி யாரும் சொல்லித் தரலையே, தினேஷ்."

"முந்நூறு பக்கம்க்கா. யாரு பாக்கறது?"

"நான்தான்" என்றேன்.

சமன்பாட்டைத் தானாக உடைக்கும் அந்த வசதியை ஆன் செய்தது நான் என்பதை மட்டும் சொல்லவில்லை. வரியைக் கையால் உடைக்கும் வேலை மிச்சம் என்று அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன். இப்போது ஆஃப் செய்தால் வரிகள் எல்லாம் இடம் மாறும். ஒவ்வொரு சமன்பாட்டையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

பார்க்கிறேன். நாளை செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் முதல் ரயிலைப் பிடிப்பேன். ஆபீஸ் போனதும் தினேஷிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் சிஸ்டத்தைத் திறப்பேன்.

நித்யா தூங்கிவிட்டாள். அவள் நோட்டை எடுத்து, நான் போட்ட இன்ட்டை அடித்து, பக்கத்தில் டிக் போட்டேன். அவள் தன் முன்னால் இருந்ததைச் சரியாகத்தான் படித்திருக்கிறாள்.